பூம்பாறை மலைப்பூண்டு: வாங்குனா ஊருக்கே போய் வாங்குங்க

கொடைக்கானல் போறவங்க நிறைய பேர் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிட்டு கீழ இறங்கிடுறாங்க. என்னைக் கேட்டா அந்தக் காசை அப்படியே வச்சுக்கிட்டு இன்னும் ஒரு 20 கிலோமீட்டர் உள்ள போய் பூம்பாறையில மலைப்பூண்டு வாங்குங்க. எங்க வீட்ல இப்ப ரசத்துக்கு இது மட்டும்தான்.

பாக்க ஒண்ணும் பெருசா இருக்காது. சின்னதா, கெட்டியா, லேசா மஞ்சள் ஓடுன வெள்ளை, பல்லெல்லாம் நெருக்கமா இருக்கும். தோலு லேசுல உரியாது, நகம் வலிக்கும், உரிச்சு முடிச்சா விரல்ல பிசின் ஒட்டுன மாதிரி இருக்கும், சோப்பு போட்டுக் கழுவுனாலும் வாசம் மறுநாள் வரைக்கும் போகாது. பச்சையா ஒரு பல்லைக் கடிச்சா காரம் காது வரைக்கும் ஏறுது. சாதா பூண்டு எட்டு பல்லு தட்டிப் போடுற ரசத்துக்கு இது மூணு நாலு போதும், அதனால விலை ரெண்டு மடங்குக்கு மேலன்னாலும் கணக்கு சரியாத்தான் வருது. பிள்ளை பெத்தவங்களுக்கு லேகியம் கிண்ட இதைத் தேடி வாங்குறதும் இந்தக் காரத்துக்காகத்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுன்னு 2019ல புவிசார் குறியீடே கொடுத்திருக்காங்க.

ஆனா டவுன்ல வாங்கும்போது பாத்து வாங்கணும். ஒரு கடையில மலைப்பூண்டுன்னு சொல்லி பெரிய பெரிய பல்லா, பளபளன்னு வெள்ளையா கொடுத்தாங்க, வீட்ல வந்து தட்டுனா வாசமே இல்ல. அதுக்கப்புறம்தான் ஊருக்குள்ளயே போய் வாங்குறதுன்னு வச்சிருக்கோம். நாங்க வாங்குற வீட்ல தாளோட முடிச்சுக் கட்டி அடுப்புக்கு மேல பரண்ல தொங்க விட்டிருக்காங்க, விறகுப் புகை பட்டுப் பட்டு மேல்தோலு பழுப்பேறிக் கெடக்கு. அந்தப் புகைதான் பூண்டு கெடாம மாசக்கணக்குல நிக்கிறதுக்குக் காரணம்னு அந்த வீட்டம்மா ஒரு முடிச்சை இறக்கிக் கைல கொடுத்து காமிச்சாங்க. எடை போட்டுட்டு மேல ரெண்டு பூண்டு சேத்துப் போடுவாங்க, பேரம் பேச மனசே வராது.

ஊரைப் பத்தியும் சொல்லணும். எல்லாரும் ரோட்டு மேல இருக்குற வியூ பாயிண்ட்ல நின்னு போட்டோ எடுத்துட்டு மன்னவனூர் ஏரிக்குக் கிளம்பிடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். கொடைக்கானல் டவுனுங்கிறது 1845ல அமெரிக்க மிஷனரிங்க வந்து பங்களா கட்டுனதுக்கப்புறம் உருவானது. பூம்பாறை அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்குற ஊரு. இங்க விவசாயம் பாக்குற குன்னுவர்ங்கிற சமூகத்து மக்கள் கொங்கு நாட்டுப் பக்கமிருந்து பல தலைமுறைக்கு முன்னாடி மலையேறி வந்தவங்கன்னு சொல்றாங்க. மேல இருந்து பாத்தா படிப்படியா தெரியுதே அந்த வயலு, சரிவை வெட்டி மண்ணு சரியாம நிறுத்தி அதுல பூண்டும் உருளையும் கேரட்டும் எடுக்குறது எத்தனை பேரோட உழைப்பு! வண்டி போகாத காட்டுல இருந்து மூட்டையை இன்னைக்கும் குதிரை மேல ஏத்திக் கொண்டு வராங்க.

ஊருக்குள்ள குழந்தை வேலப்பர் கோயில் இருக்கு, கட்டாயம் போங்க. பழனி முருகன் மாதிரியே இங்கயும் போகர் செஞ்ச சிலைன்னு நம்பிக்கை. அருணகிரிநாதர் இங்க தூங்கும்போது ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம், முருகன் குழந்தையா வந்து பக்கத்துல இருக்கவும் அவ விட்டுட்டுப் போயிட்டாளாம், அதான் குழந்தை வேலப்பர்னு பேரு. தேரோட்டத்துல தேருக்கு முன்னாடியும் பின்னாடியும் வடம் கட்டி இழுப்பாங்க, அந்த மேடு பள்ளத் தெருவுல நடந்து பாத்தீங்கன்னா பின்னாடி ஏன் ஆளு வேணும்னு புரியும்.

கொடைக்கானல்ல இருந்து கவர்மெண்ட் பஸ் இருக்கு, மன்னவனூர், கவுஞ்சி போற பஸ்ஸும் இந்த வழிதான். வாங்கும்போது புதுப் பூண்டா, காஞ்ச பூண்டான்னு கேட்டுக்குங்க, ரொம்ப நாள் வச்சுக்கணும்னா நல்லா காஞ்சதே வாங்குங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, வேர்த்துப் பூஞ்சை பிடிச்சிடும். தாளோட முடிச்சா கேட்டு வாங்கி சமையக்கட்டுல காத்தாட தொங்க விட்டுடுங்க.