கிளே பாரா, மிட்டா, அயர்ன் ரிமூவரா? நம்ம ஊர் காருக்கு எது சரி

காரை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகும் பானெட்டில் கை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறதா? அது தூசி இல்லை. தூசியாக இருந்திருந்தால் ஷாம்பு தண்ணீரோடு போயிருக்கும். பெயிண்ட் மேல் ஒட்டி, சில இடங்களில் உள்ளேயே குத்தி உட்கார்ந்துவிட்ட துகள்கள் அவை. அவற்றை எடுக்கத்தான் கிளே பார், கிளே மிட், அயர்ன் ரிமூவர் மூன்றும். வெறும் விரலுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, ஈரமான பானெட்டைத் தடவிப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்படும். 2019 ஜனவரியில் தடை வந்த பிறகும் வீட்டு மூலையில் கிடக்கும் கேரி பேக்குக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

வாட்டர் வாஷ் போடும் இடத்தில் கேட்டால், "இது தண்ணிக்கெல்லாம் போவாதுங்க, காம்பவுண்டு போட்டுத் தேச்சரலாமுங்க" என்பார்கள். காம்பவுண்டு என்பது பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை. அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எதைப் போட்டுத் தேய்ப்பது என்பதற்கு முன்னால், காரில் ஒட்டியிருப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் கார் நிற்கிறது என்றால் பெரும்பாலும் இரும்புதான். ஃபவுண்டரி, லேத், வெல்டிங் பட்டறைகளில் கிரைண்டிங் செய்யும்போது பறக்கும் பொறி சூடாகவே வந்து பெயிண்டில் பதிந்துவிடும். பிறகு மழையோ பனியோ பட்டால் துருப்பிடிக்கும். வெள்ளைக் காரில் பொடிப் பொடியாக ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். வண்டியே துருப்பிடிக்கிறது என்று பயந்து டச்சிங் செய்யக் கொடுப்பவர்கள் உண்டு, தேவையே இல்லை. ரயில் பாதை ஓரத்தில் நிறுத்துகிற வண்டிகளுக்கும் இதே கதைதான். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வேறு மாதிரி. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து படியும் மண் கழுவினாலே போய்விடும். அங்கே தொல்லை கொடுப்பது மரப் பிசினும், புதுச் சாலையில் தெறித்த தாரும்.

இரும்பு என்றால் முதலில் அயர்ன் ரிமூவர். தேய்க்கவே வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய பலம். கழுவிய காரை நிழலில் நிறுத்தி, ஸ்பிரே செய்துவிட்டு 3 முதல் 5 நிமிடம் விட்டால், இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். வீல் மேல் அடித்தால் பிரேக் தூள் இருப்பதால் இன்னும் அதிகமாக வழியும். இதில் வேலை செய்வது பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடி நீக்கும் கிரீம்களில் இருப்பதும் இதே குடும்பம்தான். அதனால்தான் அந்த அழுகிய முட்டை நாற்றம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பெயிண்ட் மேல் காய விடாதீர்கள். பாட்டில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது ஒரு குறை. இரும்பைத் தவிர வேறு எதையும் கரைக்காது என்பது இன்னொரு குறை. தார், பிசின், பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்த ஸ்பிரே பெயிண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். தாருக்கு டார் ரிமூவர் தனியாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டாலே இளகும்.

மிச்சமிருப்பதை எடுக்கத்தான் கிளே பார். ஜப்பானிலிருந்து வந்த இந்தச் சமாச்சாரம் பார்க்க சப்பாத்தி மாவு உருண்டை மாதிரி இருக்கும். 100 கிராம் கட்டியை முழுதாக எடுக்காதீர்கள். கொஞ்சம் பிய்த்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்கி, பெயிண்ட் மேல் ஷாம்பு தண்ணீரைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முதலில் சரசரவென்று சத்தம் வரும், கையில் பிடித்து இழுக்கும். நாலைந்து ஓட்டத்தில் சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பிக்கும். அப்போது கிளேயைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாகக் கறை தெரியும். மடித்துப் பிசைந்து, புது முகத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த இடத்துக்குப் போகலாம். கீழே விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். மண் ஒட்டிய கிளே உப்புத்தாளுக்குச் சமம். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் மதியம் செய்யவே கூடாது. கிளே இளகிப் பெயிண்டில் பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீரும் உடனே காயும். விடியற்காலைதான் சரி.

கிளே மிட் என்பது ஒரு பக்கம் ரப்பர் மாதிரியான பூச்சு கொண்ட கையுறை. பாரில் அரை நாள் ஓடுகிற வேலை இதில் மளமளவென்று முடிந்துவிடும். கீழே விழுந்தாலும் நன்றாக அலசிவிட்டுத் தொடரலாம். விலை முதலில் கூடுதல், ஆனால் பல கார்களுக்கு வரும். புதிதாக வாங்கியதும் கண்ணாடியில் ஓட்டிக் கொஞ்சம் பழக்கிவிட்டுப் பெயிண்டுக்கு வாருங்கள். ஆனாலும் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பாரில் அழுக்கு உள்ளே புதைந்துகொள்ளும். மிட்டில் மேற்பரப்பிலேயே நின்று பெயிண்டோடு உரசும். மெல்லிய கீறல் விழ வாய்ப்பு அதிகம். கறுப்புக் காரில் வெயில் படும்போது அது அப்பட்டமாகத் தெரியும். கைப்பிடி, மிர்ரர் ஓரங்களிலும் பார் அளவுக்கு வளைந்து கொடுக்காது.

காம்பவுண்டை இந்தப் போட்டியில் சேர்ப்பதே தப்பு. அது துகளை எடுப்பதற்கு இல்லை, பெயிண்டையே மெலிதாகத் தேய்த்து எடுப்பதற்கு. துகள் இருக்கும்போதே தேய்த்தால் அதையும் இழுத்துக்கொண்டு போய்க் கோடு போடும். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் பொதுவாக 50 மைக்ரான் அளவுக்குத்தான். அதில் வருடா வருடம் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

என்னைக் கேட்டால், பட்டறைப் பக்கம் நிற்கும் வண்டிக்கு அயர்ன் ரிமூவர் கட்டாயம். கிளேக்கு இருக்கிற வேலையில் பாதி அதிலேயே குறைந்துவிடும், உரசலும் குறையும். அப்புறம் வெள்ளை, சில்வர் கார் என்றால் மிட் போதும், நேரம் மிச்சம். கறுப்பு, அடர் நீலம், சிவப்பு என்றால் ஃபைன் கிரேட் (மிக மென்மையான ரக) கிளே பாரும் பொறுமையும் வேண்டும். தோட்டத்தில் நிற்கிற வண்டிக்கு அயர்ன் ரிமூவருக்குச் செலவழிக்க வேண்டாம், டார் ரிமூவரும் சின்னக் கிளேத் துண்டும் போதும். போர் தண்ணீர் காய்ந்து விட்ட உப்புக் கறையை இந்த மூன்றுமே எடுக்காது. அதனால் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் கடைசி அலசலுக்கு ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் பழைய வேக்ஸ் பெரும்பாலும் போய்விடும், அதனால் அன்றைக்கே வேக்ஸ் போட்டுவிட வேண்டும். மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத) பெயிண்டில் கிளே ஓட்டக் கூடாது. பட்டறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவு இருந்தால், எப்போது தொடலாம் என்று அடித்தவரிடமே கேட்டுவிட்டுக் கை வையுங்கள். அதுவரை அந்தக் கதவை விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம்.