ஒரே மீட்டிங், மூன்று ஊர்

கலிஃபோர்னியாவில் காலை 9 மணிக்கு டீம் மீட்டிங். கோடைக்காலக் கணக்கில் அப்போது பெங்களூரில் இரவு 9.30, சிங்கப்பூரில் நள்ளிரவு 12, பெர்லினில் மாலை 6. மூன்று ஊரிலிருந்தும் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்தவன் நான். வேலைக்கு எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்கும் சாஃப்ட்வேர் ஜூனியர்கள் சம்பளத்தில் ஆரம்பிப்பார்கள். நான் கடிகாரத்தில் ஆரம்பிப்பேன்.

வேலை மாறுவதற்கு பெங்களூரை அடித்துக்கொள்ள ஊர் கிடையாது. அமெரிக்க சிப் கம்பெனி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985-லேயே வந்திறங்கிய இடம். நான் மூன்று கம்பெனி மாறியும் வீடு மாறவில்லை. ஆனால் வேலையைத் தவிர்த்து எனக்கு அங்கே ஞாபகம் இருப்பதெல்லாம் டிராஃபிக் நகராத சில்க் போர்டு ஜங்ஷனும், கேப் ஜன்னல் வழியே தெரிந்த எதிர் கேப்பின் ஜன்னலும்தான். மெட்ரோ 2011-இல் ஓட ஆரம்பித்தது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் மஞ்சள் தடம் 2025-இல்தான் வந்தது. அதற்குள் நான் ஊரையே காலி செய்திருந்தேன்.

சிங்கப்பூரில் ரயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வந்துவிடும். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் தமிழ் அடுக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்து படித்த சனிக்கிழமைகளுக்கு ஈடு இன்னும் கிடைக்கவில்லை. இடித்தது இரண்டு விஷயம். ஒன்று, அந்த நள்ளிரவு மீட்டிங். இன்னொன்று, எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதி. அது கம்பெனியோடு கட்டிய கயிறு. வேலை போனால் பாஸும் போகும்; நண்பன் ஒருவன் ஒரே மாதத்தில் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கிளம்பினான்.

பெர்லினில் முதல் ஆறு மாதம் அழாத குறை. பெங்களூர் வீட்டு ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார் என்றால் பெர்லின் ஓனர் பத்துக் காகிதம் கேட்டார். வீட்டு முகவரியைப் பதிவு செய்யாமல் வரி எண்கூட கைக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ஆனால் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி வைத்திருப்பவர் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் தேறினால் 21 மாதமே போதும். நான் இலக்கணத்தோடு மல்லுக்கட்டியது மொழி ஆர்வத்தால் அல்ல, அந்த ஆறு மாதத்துக்காக.

பிறகு ஊர் மெல்லத் திறந்தது. பழைய கம்ப்யூட்டர் என்றால் எனக்குப் பைத்தியம். இங்குள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் கொன்ராட் சூஸே என்ற ஜெர்மன் இன்ஜினியர் செய்த ஆதிகாலக் கம்ப்யூட்டரான Z1-இன் மறு உருவாக்கம் இருக்கிறது. முழுக்கத் தகடுகள். ஒரு தகடு நகர்ந்தால் பூஜ்யம் ஒன்றாகிறது, அவ்வளவுதான். தினமும் நான் எழுதும் கோடின் தாத்தாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். 2008-இல் மூடிய டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் இப்போது பூங்கா. ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டலாம், குறுக்கே ஒரு சிக்னல் கிடையாது.

ஜூனில் மீட்டிங் ஏழு மணிக்கு முடிந்தால் சூரியன் மறைய இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டு. அந்த மாதம் மட்டும் சிங்கப்பூர் நூலகத் தரையை நினைத்துக்கொள்வேன்.