கண்புரைக்கு ஒரு கணக்கு, தீராத வலிக்கு வேறு கணக்கு

தொண்டு மருத்துவமனை தொடங்க நினைக்கும் யாரிடம் பேசினாலும் பத்து நிமிஷத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பெயர் வந்துவிடும். "இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்கு இலவசமாகச் செய்வோம், அரவிந்த் மாதிரி." அந்த மாதிரி எல்லா நோய்க்கும் பொருந்தாது என்பது என் கட்சி.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். பணம் கட்டுவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவுசெய்யலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எல்லாரும் வியப்பது இதைத்தான். ஆனால் கணக்கு நிற்பது அறுவை அரங்கில். கண்புரை அறுவை சில நிமிஷ வேலை. டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயார். கண்ணைச் சுத்தம் செய்வது, கருவிகளை எடுத்து வைப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்களின் பொறுப்பு. 1992இல் அரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் உள்விழி லென்ஸையும் தாங்களே குறைந்த விலையில் தயாரித்தார்கள். ஆள் கூடக்கூட ஒரு அறுவைக்கான செலவு இறங்குகிறது. இலவச நோயாளி இங்கே பாரமே இல்லை. செலவை இறக்குவதில் அவருக்கும் பங்கு உண்டு.

இதைக் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைப் பணியோடு வைத்துப் பாருங்கள். புற்றுநோய் முற்றியவரின் வீட்டுக்குச் செவிலியர் போகிறார். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, வலி மருந்தான மார்ஃபினின் அளவைச் சரிபார்த்து, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். இதில் எதை வேகப்படுத்துவது? கட்டணம் வாங்கலாம் என்றால், அந்தக் குடும்பம் ஏற்கெனவே கையிருப்பையெல்லாம் மருத்துவத்துக்குக் கொட்டித் தீர்த்திருக்கும். அதனால்தான் கேரளத்தில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களையும் சிறு நன்கொடைகளையும் நம்பி இந்தப் பணி பரவியது. நன்கொடை என்றாலே நிச்சயமில்லாதது என்பார்கள். ஒரே பெரிய புரவலரை நம்பினால் அது உண்மைதான்; அவர் மனம் மாறினால் சம்பளம் நின்றுவிடும். பலர் கொடுக்கும் சிறு தொகை அப்படியல்ல. போர், பேரிடர் நடக்கும் நாடுகளில் சிகிச்சை தரும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் அகதிகள் கொள்கையை எதிர்த்து அதன் நிதியே வேண்டாம் என்று சொன்னது. வருமானத்தில் பெரும்பகுதி தனிநபர் நன்கொடையாக வந்ததால் அந்தத் துணிச்சல் சாத்தியமானது.

மூன்றாவது வழி அரசுக் காப்பீடு. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. டயாலிசிஸுக்கு இது நன்றாகப் பொருந்தும்: ஒவ்வொரு முறையும் ஒரே வேலை, ஒரே ரகச் செலவு, வாழ்நாள் முழுக்கத் தொடரும் தேவை. சிக்கல் இரண்டு. சிகிச்சை இன்றைக்கு, பணம் பிறகு. கையில் சில மாதச் செலவுக்கு இருப்பில்லாத சின்ன மருத்துவமனை தடுமாறும். அடுத்தது, பேக்கேஜ், அதாவது திட்டம் பணம் தரும் சிகிச்சைப் பட்டியல், பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்பவர்களுக்குத்தான். வீடு தேடிப் போகும் செவிலியருக்கு அதில் இடம் இல்லை.

ஆகவே கண்புரை போலக் குறுகிய, ஒரே மாதிரியான சிகிச்சை என்றால் கட்டணப் பிரிவையும் இலவசப் பிரிவையும் சேர்த்து நடத்தலாம். டயாலிசிஸுக்குக் காப்பீடு, கூடவே இருப்பு நிதி. வலி தணிப்புக்கு நன்கொடை மட்டும்தான். "சொந்தக் காலில் நில்லுங்கள்" என்று நிதி கொடுப்பவர்கள் நெருக்கியதால் வலி தணிப்பு அமைப்பு கட்டண வார்டு திறந்தால், செவிலியர்கள் முதலில் அந்த வார்டுக்குத்தான் போவார்கள். வீட்டுக்குப் போகும் வண்டி ஷெட்டில் நிற்கும்.