கனடா ஸ்னோபோட் வேலைக்கெண்டு காசு கட்டப்போற பெடியள் ஒருக்கா இதை வாசியுங்கோ

யாழ்ப்பாணம் டவுனுக்குள்ளயும் இப்ப நெல்லியடிப் பக்கமும் ஒரு விளம்பரம் ஓடுது, கனடாவில பனிமலை ரிசோட்டில வேலை, ஸ்னோபோட் (ரெண்டு காலையும் ஒரே பலகையில பூட்டிக்கொண்டு பனியில சறுக்கிற விளையாட்டு) இன்ஸ்ரக்டர், லிப்ட் ஒப்பரேட்டர், ரென்டல் ஷொப் ரெக்னீசியன், ஐஈஎல்ட்ஸ் தேவையில்லை, பயிற்சி நாங்களே தருவம் எண்டு. என்ர தம்பி அதுக்கு மூண்டரை லட்சம் கட்டினவன். அம்மான்ர சங்கிலி அடகில இருக்கு. இண்டைக்கு வரைக்கும் ஒரு சதம் திரும்பி வரேல்லை. முறைப்பாடு குடுத்து விசாரணை போய்க்கொண்டிருக்கிறதால இடத்தின்ர பேர் போடேல்லை, ஆனா என்னெண்டு பேய்க்காட்டினவங்கள் எண்டதை வடிவா எழுதுறன், ஏனெண்டால் அவங்கள் குடுத்த அதே பயிற்சிக் கைநூலை வச்சுக்கொண்டு அடுத்த பட்ச்சுக்கும் ஆள் சேர்க்கிறாங்கள் எண்டு கேள்வி.

ஒரு கடைக்கு மேல்மாடியில ஹோல். சுவர் முழுக்கப் பனிமலைப் படம், கனடாக் கொடி. படிப்பிக்கிறவர் தன்னைச் "சீனியர் ட்ரெய்னர்" எண்டு சொன்னவர், எந்த மலையில எந்த வருசம் வேலை செய்தவர் எண்டு கேட்டால் கதையை மாத்திப்போடுவார். ஒரு ஸ்பைரல் பைண்டிங் போட்ட கைநூல், நடுவில ரெண்டு மெத்தை, அதுக்கு மேல ஒரேயொரு பழைய போட், அதுதான் அந்தச் சறுக்குப் பலகை. அந்த ஒரு போட்டில ஏறி நிண்டு பெடியள் எல்லாம் மாறி மாறிப் படம் எடுத்தவை. அந்தப் படங்களைத்தான் பேந்து விளம்பரத்துக்குப் போட்டவங்கள்.

நான் இதில கவனிச்ச முக்கியமான விசயம் என்னெண்டால், உவங்கள் ஏன் ஸ்னோபோட்டைத் தெரிவு செய்தவங்கள் எண்டதுதான். கட்டட வேலை, கோழிப்பண்ணை வேலை எண்டு சொன்னால் இஞ்ச ஒருத்தருக்கு இல்லாட்டி ஒருத்தருக்கு அந்த வேலை தெரியும், நாலு கேள்வி கேட்பினம். பனி எங்கட ஊரில ஆருக்குத் தெரியும்? நுவரெலியாவில விடியப்புறம் புல்லில உறைஞ்சு கிடக்கிறதைப் பாக்கவே பஸ் பிடிச்சுப் போற ஆக்கள் நாங்கள். அப்ப ஒல்லி, பட்டர், இண்டி, சுவிச் எண்டு வாய்க்கு வந்த சொல்லெல்லாம் அடுக்கினால் பிள்ளையள் கொப்பியில எழுதிக்கொண்டு வந்து வீட்டில சொல்லுவினம், தாய் தேப்பனும் ஏதோ பெரிய படிப்பு எண்டு நம்புவினம். தண்ணியைக் காணாதவன் வகுப்பறைக்குள்ள நீச்சல் படிப்பிச்ச கதைதான் நடந்தது.

எங்கட மாமாட மகன் கல்கரியில இருக்கிறார். பத்து வருசத்துக்குக் கிட்ட ஸ்னோபோட் ஓடுறவர், சனி ஞாயிறில ஒரு மலையடி ரென்டல் ஷொப்பில வேலையும் செய்தவர். தம்பி ரெண்டாவது தவணை கட்டுறதுக்கு முதல்நாள் சும்மா கதைச்சுக்கொண்டிருக்கேக்க கைநூலையும் போட்டின்ர படத்தையும் வட்சப்பில அனுப்பினவன். கொஞ்ச நேரத்தில மச்சான் வீடியோ கோல் எடுத்திட்டார். "டேய், அந்த பைண்டிங்கைக் கிட்டப் பிடிச்ச படம் இருக்கே" எண்டுதான் முதல் கேட்டவர். பைண்டிங் எண்டது பூட்ஸைப் போட்டோட பிடிச்சு வைக்கிற பூட்டு. பாத்தால் பைண்டிங்கைப் போட்டில மர ஆணியால, அதுதான் தச்சுவேலைக்குப் பாவிக்கிற ஸ்குரூவால முறுக்கி வச்சிருக்கிறாங்கள். உண்மையான ஸ்னோபோட்டுக்குள்ள இன்சேட் எண்டு இரும்பு மரை வச்சுத்தான் வரும், அளவு எம் 6, ஓட்டையள் பெரும்பாலும் 4க்கு 4 சென்ரிமீற்றர் இல்லாட்டி 4க்கு 2 இடைவெளியில இருக்கும், பேர்ட்டன் கொம்பனிப் போட்டுகளில ஓட்டைக்குப் பதிலா சனல் எண்டு ஒரு நீளக் காடி இருக்கும். நடுவில ஒரு வட்டத் தட்டு வச்சு அதுக்கு மேலால போல்ட் போட்டு இறுக்கிறது. மர ஆணி அடிச்ச போட்டில மலையில இறங்கினால் பைண்டிங் கழண்டு ஆள் ஒரு பக்கம் போட் ஒரு பக்கம். அதோட அந்தப் போட்டின்ர இரும்பு விளிம்பு துருப்பிடிச்சு, அடிப்பலகை மேல்பலகையை விட்டுப் பிரிஞ்சு கிடக்கு. குப்பையில போட்டதை ஆரோ கொண்டுவந்து குடுத்திருக்கினம் எண்டு மச்சான் சொன்னார்.

அதைவிட மோசம் கைநூல். ரென்டல் ரெக்னீசியன் எண்ட பாடத்தில, ஸ்னோபோட் பைண்டிங்கை ஆளின்ர நிறைக்கு ஏத்தமாதிரி டின் நம்பர் வச்சு செற் பண்ண வேணும், விழேக்க அது கழண்டுவிடும் எண்டு எழுதியிருக்கு. இது சுத்தப் பிழை, ஆபத்தான பிழை. டின் எண்டது எவ்வளவு விசையில பூட்ஸ் கழர வேணும் எண்ட அளவு, அது ஸ்கீ பைண்டிங்குக்குத்தான். ஸ்கீ ஓடுறவருக்கு ரெண்டு கால்லயும் வேற வேற பலகை, விழேக்க ஒண்டு முறுகினால் முழங்கால் போயிடும், அதால குறிப்பிட்ட விசையில பூட்ஸைக் கழட்டிவிடுற மாதிரி செய்திருக்கினம். நிறை, உயரம், வயசு, எவ்வளவு வேகமா ஓடுற ஆள், பூட்ஸ் அடியின்ர நீளம் எல்லாம் பாத்துத்தான் அந்த நம்பர் வைக்கிறது, அதுக்கு பைண்டிங் கொம்பனியளே தனியாப் பயிற்சி குடுக்குறவை. ஸ்னோபோட்டில ரெண்டு காலும் ஒரே பலகையில, அது விழேக்க கழறவே கழறாது. கணுக்கால் பட்டி, விரல் பட்டி, பின்னால ஹைபக் எண்டு முதுகு மாதிரி ஒரு தகடு, அவ்வளவுதான். இது தெரியாமல் ஒரு பெடியன் அங்க போய் ரென்டல் ஷொப்பில நிண்டு ஆருக்கும் பைண்டிங் பூட்டிக் குடுத்திருந்தால் ஒரு மனிசன்ர கால் போயிருக்கும். காசு போனது ஒரு கவலை எண்டால் எனக்கு இதை நினைக்க நினைக்க வயிறு எரியுது.

கூஃபி எண்ட சொல்லைப் பற்றியும் சொல்ல வேணும். இடது கால் முன்னுக்கு வச்சு ஓடுறவர் ரெகுலர், வலது கால் முன்னுக்கு வச்சு ஓடுறவர் கூஃபி. இதில ஒண்டு சரி மற்றது பிழை எண்டு இல்லை, ஒவ்வொருத்தரின்ர உடம்பு வாகு. உங்களை ஆரும் பின்னால இருந்து சும்மா தள்ளினால் எந்தக் கால் முதல் முன்னுக்குப் போகுதோ அதை வச்சு ஒரு மட்டுக்குப் பிடிக்கலாம். இஞ்ச என்ன நடந்ததெண்டால் என்ர தம்பி இயல்பா வலது கால் முன்னுக்கு வைக்கிறவன், அந்த "சீனியர் ட்ரெய்னர்" எல்லாற்ற முன்னாலயும் அவனைப் பிழையா நிக்கிறாய் எண்டு பேசி, பெயிலாக்கி, திரும்பி எழுதுறதுக்கெண்டு தனியாக் காசும் வேண்டினவர்.

ட்ரிக்ஸ், அதுதான் போட்டோட எழும்பிச் செய்யிற வித்தையள், அந்தப் பாடம் கைநூலில பாதிக்கு மேல. முன்கையால, அதாவது முன்னுக்கு நிக்கிற காலின்ர பக்கத்துக் கையால, குதிக்கால் பக்க விளிம்பைப் பிடிக்கிறது இண்டி எண்டு போட்டிருக்கு. இண்டி எண்டால் பின்கையால ரெண்டு காலுக்கும் நடுவில விரல்பக்க விளிம்பைப் பிடிக்கிறது. முன்கையால குதிப்பக்கம் பிடிச்சால் அது மெலன், அதையே முழங்காலை மடிச்சுப் போட்டைப் பின்னுக்குத் தூக்கி முதுகை வளைச்சுச் செய்தால் மெதட். 540 எண்டால் ரெண்டு முழுச் சுத்து எண்டு பரீட்சையில எழுதினவனுக்குத்தான் மாக்ஸ். ஒரு சுத்து 360 எண்டால் 540 ஒண்டரைச் சுத்து எண்டு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், அந்த அரைச் சுத்தாலதான் இறங்கேக்க மற்றக் கால் முன்னுக்கு வந்து சுவிச்சில நிக்கிறது. ஒல்லி எண்டது ஸ்கேட்போட்டில இருந்து வந்தது, ஸ்னோபோட்டில பின்முனையை அமத்தி அது ஸ்பிரிங் மாதிரித் திரும்பி உதைக்கிற விசையில எழும்புறது. இவங்கள் மெத்தையில நிண்டு துள்ளச் சொல்லிப்போட்டு அதுதான் ஒல்லி எண்டு சைன் வச்சவங்கள்.

மச்சான் இன்னொண்டும் சொன்னவர், எனக்கு அதுதான் மனசில நிண்டது. புது இன்ஸ்ரக்டரை ஆரும் 540 படிப்பிக்க விடமாட்டினம். முதல் வருசம் குடுக்கிறது சின்னப்பிள்ளையளும் முதல்முதல் போட்டில ஏற வந்தவையும்தான். அவைக்கு ஒரு காலை மட்டும் பூட்டிக்கொண்டு தள்ளித் தள்ளி நகரப் பழக்க வேணும், பிறகு குதி விளிம்பில நிண்டு சறுக்கி இறங்க, பிறகு உதிர்ந்த இலை காத்தில ஆடி விழுற மாதிரி இடமும் வலமும் போய் வாறது, ஃபோலிங் லீஃப் எண்டு பேர், அதுக்குப் பிறகுதான் திரும்பல். எப்பிடி விழுறது எண்டதை முதலே சொல்லிக் குடுக்க வேணும், ஏனெண்டால் பழகிறவை கையை ஊண்டி விழுந்து மணிக்கட்டை உடைக்கிறதுதான் ஸ்னோபோட்டில கூட. கையைப் பொத்திக்கொண்டு முன்னங்கையில விழச் சொல்லுவினம், ரிஸ்ட் கார்ட் போடச் சொல்லுவினம். கைநூலில மணிக்கட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. ஹெல்மெற் எண்ட சொல்லே இல்லை.

மலைப்பாதை அடையாளமும் அப்பிடித்தான். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு எண்டு போட்டிருக்கு. அது ஐரோப்பாவில. கனடாவில சிவப்புப் பாதை எண்டு இல்லை, பச்சை வட்டம் லேசு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டயமன்ட் கஷ்டம், ரெண்டு கறுப்பு டயமன்ட் நல்லாத் தெரிஞ்சவைக்கு மட்டும். கனடாவுக்கு ஆள் அனுப்புறம் எண்டு காசு வேண்டினவங்கள், கனடாப் பலகையைக்கூடப் பாக்காமல் எங்கயோ கிடந்ததைப் பாத்து எழுதியிருக்கிறாங்கள்.

கடைசியில ஒரு சேட்டிபிக்கற், தங்க நிற முத்திரையோட, "லெவல் 1 இன்ஸ்ரக்டர்" எண்டு. கனடாவில ஸ்னோபோட் இன்ஸ்ரக்டர் சங்கம் எண்டு ஒண்டு இருக்கு, சுருக்கமா காசி எண்டு சொல்லுவினம், லெவல் 1 குடுக்கிறது அவை, அதுவும் பனியில ஓடிக் காட்டி, பனியில படிப்பிச்சுக் காட்டினால்தான். ஹோலுக்குள்ள மெத்தையில நிண்டு அந்தப் பட்டம் எடுக்கவே ஏலாது.

இனி வேலைக் கடிதம். அல்பேர்ட்டாவில ஒரு ரிசோட்டின்ர பேர் போட்டு, ஜிமெயில் விலாசத்தில இருந்து வந்தது. தம்பி சந்தோசத்தில எல்லாருக்கும் காட்டினவன். மச்சான் பாத்திட்டு ஒரு வரியைத்தான் காட்டினவர், வேலை தொடங்குறது ஜூன் முதலாம் திகதியாம். அல்பேர்ட்டாவில லேக் லூயிஸ், சன்ஷைன் மாதிரி மலையள் நவம்பர் மட்டில திறக்கும், சன்ஷைன் இழுத்துப் பிடிச்சால் மே கடைசி மட்டும் ஓடும், ஜூனில ஸ்னோபோட் படிப்பிக்க அங்க என்ன இருக்கு?

ரெண்டாவது தவணையா அவங்கள் கேட்டது எல்எம்ஐஏ கட்டணம் எண்டு. இதை வடிவா மனசில வச்சிருங்கோ. எல்எம்ஐஏ எண்டது கனடாவில வேலை குடுக்கிற முதலாளி எடுக்க வேண்டிய அனுமதி. அதுக்கு 1000 கனேடிய டொலர், அதை முதலாளிதான் கட்ட வேணும், தொழிலாளியிட்ட வேண்டக்கூடாது எண்டு அங்கத்தைய சட்டமே சொல்லுது. வேர்க் பெர்மிட்டுக்கு நீங்கள் கட்டுறது 155 டொலர், கைரேகைக்கு 85. அந்த மலையளில வேலை செய்யிற வெளிநாட்டுப் பெடியளில கனபேர் ஒஸ்ரேலியா, நியூசிலாந்து, யப்பான், பிரித்தானியா மாதிரி நாடுகளில இருந்து வேர்க்கிங் ஹொலிடே விசாவில, அதாவது கனடாவோட ஒப்பந்தம் இருக்கிற நாட்டு இளம் ஆக்களுக்குக் குடுக்கிற விசாவில வந்தவை, இலங்கைக்கும் கனடாவுக்கும் அப்பிடியொரு ஒப்பந்தமே இல்லை. அந்தப் பாதையாலதான் அனுப்புறம் எண்டு ஆரும் சொன்னால் எழும்பி வந்திடுங்கோ.

நானும் தம்பியும் காசைத் திருப்பிக் கேக்கப் போனம். முதல் நாள் நல்ல மரியாதை, தேத்தண்ணி, "அண்ணை, விசா ஒஃபிசரின்ர பிரச்சினை, கொஞ்சம் பொறுங்கோ" எண்டு. அடுத்த முறை குரல் மாறீட்டுது. ரசீதை எடுத்துக் காட்டினவங்கள், அதில "கல்விக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" எண்டு இருக்கு. வேலை எண்ட சொல் ஒரு இடத்திலயும் இல்லை. தாங்கள் வேலைவாய்ப்பு முகவர் இல்லையாம், கல்வி நிலையமாம், வேலை எடுத்துத் தாறம் எண்டு எழுத்தில தரேல்லையாம். வாயால சொன்னதும் விளம்பரத்தில போட்டதும் வேலை, ரசீதில மட்டும் கல்வி. அங்க படிச்ச மற்றப் பெடியளில ஒருத்தன் தாய் இல்லாதவன், தமக்கை சீட்டெடுத்துக் கட்டினவ. அவனைக் கண்டால் எனக்குக் கதைக்க வாய் வருகுதில்லை.

இலங்கையில ஆரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறதெண்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர லைசென்ஸ் வேணும், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அது. லைசென்ஸ் இருந்தால் மட்டும் காணாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் அனுமதி குடுத்திருக்க வேணும். 1989 எண்ட ஃபோன் நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம், உங்கட பிரதேச செயலகத்தில வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர் இருப்பினம், நேர போயும் கேக்கலாம், அதுக்கு ஒரு காசும் இல்லை. கனடா விசா ஆலோசகர் எண்டு ஆரும் சொன்னால் அங்கத்தைய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின்ர பதிவில அவரின்ர பேர் இருக்கோ எண்டு நெற்றில தேடலாம்.

நாங்கள் பொலிசிலயும் பணியகத்திலயும் எழுதிக் குடுத்திருக்கிறம். விளம்பரத்தின்ர ஸ்கிரீன்ஷொட், குரல்பதிவு, கைநூல், அந்த ஜூன் மாசக் கடிதம் எல்லாம் சேர்த்துக் குடுத்தது. கல்விக் கட்டணம் எண்டு ரசீது எழுதினாலும் வேலை எண்டு விளம்பரம் போட்டதுக்கு ஆதாரம் இருந்தால் முறைப்பாட்டைப் பதியலாம் எண்டு சொன்னவை. அங்க காசு கட்டின வேற ஆக்கள் இருந்தால் ரசீதையும் வட்சப் மெசேச்சுகளையும் அழிச்சுப் போடாதேங்கோ, நீங்களும் போய் எழுதிக் குடுங்கோ, வெக்கப்பட்டு வீட்டில இருக்காதேங்கோ. ரெண்டாவது தவணை கட்டாமல் இருக்கிறவை தயவுசெய்து கட்டாதேங்கோ, "கட்டாட்டி முதல் தவணையும் போயிடும்" எண்டு வெருட்டுவாங்கள், தம்பிக்கும் அப்பிடித்தான் மெசேச் வந்தது, அந்த மெசேச்சும் இப்ப முறைப்பாட்டோடதான் இருக்கு.