மூன்றே மணி நேரத்தில் எழுப்பிவிடும் டயாலிசிஸ் மையங்கள்: ஓர் எச்சரிக்கை

டயாலிசிஸுக்கு இடம் கிடைக்காமல் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களும் படியுங்கள், உங்களுக்குத்தான் இது இன்னும் அதிகம் பொருந்தும்.

என் தாய்மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சர்க்கரை நோய்தான் காரணம். அரசு மருத்துவமனையில் அவசரத்துக்குச் சில தடவை டயாலிசிஸ் செய்தார்கள். தொடர்ந்து செய்ய இடமில்லை, பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள், யாராவது விலகினால் கூப்பிடுகிறோம் என்றார்கள். டயாலிசிஸ் வார்டில் ஒருவர் ‘விலகுவது’ என்றால் என்ன என்பது அந்த வராந்தாவில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்த வராந்தாவிலேயே ஓர் ஆள் எங்களைப் பிடித்தார். கையில் ஒரு தனியார் மையத்தின் அட்டை. “காப்பீட்டுத் திட்டத்துலயே வருது சார், கையை விட்டு ஒரு பைசா தர வேண்டாம், நாளைக்கே படுக்கை இருக்கு” என்றார். அத்தை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாளே மாமாவை அங்கே சேர்த்தோம். ஏசி அறை, வரிசையாக மெஷின்கள், சுவரில் டிவி. சேர்க்கும்போது ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பாதி காகிதங்களில் தேதி எழுதும் இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, “ஒவ்வொரு தடவையும் உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்” என்று பதில் வந்தது.

பிரச்சினை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸில் திருடப்படுவது பெரும்பாலும் நேரம். சிறுநீரகம் இரவும் பகலும் செய்கிற வேலையை மெஷின் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரத்தில் ஓரளவுக்காவது ஈடுகட்டப் பார்க்கிறது. அந்த நான்கு மணி நேரமே ஒரு சமரசம்தான். அதிலும் கை வைத்தால் நோயாளிக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

எங்கள் மையத்தில் மூன்று மணி நேரம் தாண்டியதுமே டெக்னீஷியன் வந்து ரத்தத்தைத் திருப்பி ஏற்ற ஆரம்பித்துவிடுவார். மெஷின் திரையில் மீதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு, “தம்பி, இன்னும் அம்பது நிமிஷம் காட்டுதே?” என்று கேட்டார். “ஐயாவுக்கு ரத்தம் நல்லா சுத்தமாயிடுச்சும்மா, இன்னிக்கு இது போதும்” என்றார் அவர். மாமாவுக்கும் சந்தோஷம்தான். ஊசி குத்திக்கொண்டு அசையாமல் கிடக்கிற எந்த நோயாளிதான் சீக்கிரம் அவிழ்த்துவிட்டால் வேண்டாம் என்பார்? அந்தச் சந்தோஷத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் எடுத்தால் அதே மெஷினில் நாளுக்கு இன்னொரு ஆளை ஏற்றிவிடலாம்.

ஒருமுறை படுக்கையின் காலில் தொங்கிய குறிப்புத்தாளை எடுத்துப் பார்த்தேன். மணிக்கு ஒரு தடவை பிபி பார்த்து எழுத வேண்டிய தாள். நான்காவது மணிக்கான கட்டத்திலும் 130/80 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தது. மாமா அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

நேரம் குறைந்தால் கழிவு மட்டும்தான் தங்கும் என்று நினைக்காதீர்கள், நீர் விஷயம் அதைவிட மோசம். சிறுநீர் வராதவருக்கு இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் குடித்த நீரெல்லாம் உடம்பில் சேர்ந்திருக்கும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 3 லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். நான்கு மணி நேரத்தில் எடுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 12.5 மில்லி. அதையே மூன்று மணி நேரத்தில் உறிஞ்சினால் 16.7 மில்லி. 13 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது சிறுநீரக மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தாண்டினால் பிபி சரியும், கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும், இதயம் அடி வாங்கும். மாமா ஒவ்வொரு தடவையும் காலைப் பிடித்துக்கொண்டு துடித்ததற்குக் காரணம் இதுதான். “வயசானா அப்படித்தான்” என்று அங்கே சொல்லிவந்தார்கள்.

இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். பிபி சரிகிறது என்று நீரைக் குறைவாக எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பிய ஒரு நாள் நள்ளிரவில் மாமாவுக்குப் படுக்க முடியவில்லை, மூச்சு இரைத்தது, நுரையீரலில் நீர். வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணி நேரம் ஓட்டுறாங்க?” என்பதுதான். இரண்டாவது கேள்வி, “டிரை வெயிட் எவ்வளவு வச்சிருக்காங்க?” நீரெல்லாம் எடுத்த பிறகு உடம்பு இருக்க வேண்டிய எடைதான் டிரை வெயிட். அதை எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை. சொல்வதற்கு அந்த மையத்தில் சிறுநீரக மருத்துவரும் இல்லை. பலகையில் ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு உரியவரை நாங்கள் ஒரு நாளும் பார்க்கவில்லை.

சரி, சுத்திகரிப்பு போதுமானதாக நடக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? டயாலிசிஸ் தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை ரத்தத்தில் யூரியா என்ற கழிவின் அளவைப் பார்க்க வேண்டும். 150 இருந்தது 50 ஆக இறங்கினால் 67 சதவீதம் குறைந்திருக்கிறது. வாரம் மூன்று முறை செய்கிறவருக்குக் குறைந்தபட்சம் 65 சதவீதம் குறைய வேண்டும். எங்கள் மையம் தந்த ரிப்போர்ட்டுகளில் இந்த எண் மாதா மாதம் 68, 69 என்று அழகாக உட்கார்ந்திருந்தது. புது மருத்துவமனையில், அதே மையத்தில் டயாலிசிஸ் முடித்த கையோடு வரச் சொல்லிப் பார்த்தபோது 50-ஐக்கூடத் தொடவில்லை. ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், ரிப்போர்ட்டை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள், முடிந்தால் வெளியே ஒரு தடவை பாருங்கள்.

அடுத்து டயாலைசர், அதாவது ரத்தத்தை வடிகட்டும் அந்த உருளை. அதைக் கழுவி அதே நோயாளிக்கு மறுபடி பயன்படுத்துவது பல நாடுகளில் வழக்கம்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன. உருளையில் பெயரும் எத்தனாவது முறை என்பதும் எழுதியிருக்க வேண்டும். உள்ளே ரத்தம் நிற்கும் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டும். கிருமிநாசினி மிச்சம் இல்லை என்று சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவருடைய டயாலைசரைக் கழுவி எடுக்கவே கூடாது, அவருக்கு மெஷினும் தனியாக இருக்க வேண்டும். மாமாவுக்கு மாட்டிய உருளையில் அவர் பெயர் எழுதிய ஸ்டிக்கரின் ஓரம் ஒரு நாள் பெயர்ந்திருந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர், இன்னொருவர் பெயர். “பழைய ஸ்டிக்கர் சார், மாத்தி ஒட்டிட்டாங்க” என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காப்பீட்டில் ஒவ்வொரு முறையும் புது டயாலைசர் என்று கணக்கு எழுதியிருந்ததைப் பின்னால்தான் பார்த்தோம். மாமாவுக்கு உடனே ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் பார்த்தோம். நல்லவேளை, எதுவும் இல்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை இந்தச் சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றி யாருமே கேட்பதில்லை. ஒரு டயாலிசிஸில் சுமார் 120 லிட்டர் நீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. இந்தப் பக்கம் நம் ரத்தம். குடிக்க உகந்த நீர் என்பது இங்கே போதாது. 1996-ல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத ஏரி நீர் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குள் போனது. நீலப்பச்சைப் பாசியின் நச்சு நேராக ரத்தத்தில் கலந்து, கல்லீரல் செயலிழந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அதனால் நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ அறையைக் காட்டச் சொல்லுங்கள், கடைசியாக நீரைப் பரிசோதித்த தேதியைக் கேளுங்கள். எங்கள் மையத்தில் அந்த அறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று கடைசிவரை தெரியவில்லை.

கழுத்துக் குழாய் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். மெஷினுக்கு ரத்தத்தை எடுத்துத் திருப்பி ஏற்ற, அவசரத்துக்குக் கழுத்தில் போடும் தற்காலிகக் குழாய் ஓரிரு வாரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தொடர்ந்து டயாலிசிஸ் வேண்டியவருக்குக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா செய்வதுதான் முறை, 1966-லிருந்தே வழக்கத்தில் இருக்கிற சிறிய அறுவை சிகிச்சை. அது பக்குவமாக ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம்வரை ஆகும் என்பதால் முதலிலேயே செய்துவிட வேண்டும். மாமாவுக்கு இங்கே அதை மாதக் கணக்கில் தள்ளிப்போட்டார்கள். குழாயில் தொற்று வரும், டயாலிசிஸ் ஓடும்போதே குளிர் ஜுரம் தூக்கிப்போடும், உடனே குழாயை மாற்றுவார்கள். மாற்றுவதற்குத் தனிக் கட்டணம், ஊசி மருந்துகளுக்குத் தனிக் கட்டணம், எல்லாம் அவர்கள் மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும். ‘கையை விட்டு ஒரு பைசா’ கதை அதோடு முடிந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால், எழுதாத கையில் ஊசி குத்தவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். ஃபிஸ்துலாவுக்கு அந்தக் கை வேண்டும்.

அந்தத் தேதி இல்லாத காகிதங்கள் எதற்கு என்பது காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கைக் கேட்டபோது புரிந்தது. மாமா வேறு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த நாட்களிலும் இங்கே டயாலிசிஸ் நடந்ததாகப் பணம் எடுத்திருந்தார்கள்.

போய்க் கேட்டோம். மேலாளர் குரலை உயர்த்தவே இல்லை. “பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கோங்க, எங்களுக்கு ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கு” என்றார். அவர் சொன்னதில் அந்த ஒன்றுதான் பொய் இல்லை. 2010-ல் உலகம் முழுக்க டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்று வாழ்ந்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். சிகிச்சை கிடைக்காமல் இறந்திருக்கக் கூடியவர்கள் குறைந்தபட்சம் 22 லட்சத்துக்கு மேல் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பங்கு நம்மைப் போன்ற ஏழை நாடுகளில். இரண்டு முறை விட்டுப்போனாலே உயிருக்கு ஆபத்து என்கிற நோயாளி யாரோடு சண்டை போடுவார்? பக்கத்துப் படுக்கைக்காரரிடம் புகாரில் கையெழுத்துக் கேட்டேன். “என்னை விட்டுடுங்க தம்பி, நாளன்னிக்கு நான் இங்கதான் வந்து படுக்கணும்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நீங்கள் மையத்தை விட்டு வெகுதூரத்தில் இருந்தால் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே ஒரு நாளைக்கு நான்கு முறைபோல திரவத்தை மாற்றுவது. தாய்லாந்து 2008-ல் தன் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் இதைத்தான் முதல் சிகிச்சையாக வைத்தது. சுத்தம் தவறினால் வயிற்றில் தொற்று வரும், எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்றுகூட எங்களிடம் யாரும் சொல்லவில்லை. படுக்கையை நிரப்ப வேண்டியவர் ஏன் சொல்லப்போகிறார்?

இப்போது மாமா வேறு இடத்தில் இருக்கிறார். தூரம் அதிகம், ஷிப்ட் விடியற்காலையில். ஆனால் நான்கு மணி நேரம் முழுதாக ஓடுகிறது, கையில் ஃபிஸ்துலா வேலை செய்கிறது, கால் முறுக்குவது நின்றுவிட்டது. பழைய மையத்தின் மீது காப்பீட்டு அலுவலகத்திலும் சுகாதாரத் துறையிலும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் வாங்கியிருக்கிறோம். விசாரணை என்று ஒரு தடவை கூப்பிட்டார்கள், அதோடு சரி. அங்கே அதன் பிறகும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புகார் கொடுக்க நினைப்பவர்கள் குறிப்புத்தாளை ஒவ்வொரு முறையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், மெஷினை நிறுத்தும் நேரத்தில் திரையையும் சேர்த்து. எங்கள் புகாரை அவர்கள் வாங்கிக்கொண்டதே அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான்.