பழைய பேஸ் கிளாரினெட் வாங்கி 1,900 வெள்ளியை விட்ட கதை: சிங்கப்பூரில் தேடுபவர்கள் படியுங்கள்

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ் கிளாரினெட்டுக்கு நான் கொடுத்தது 1,900 வெள்ளி. அதை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர இன்று மத்தியானம் பழுதுபார்ப்பவர் சொன்ன தொகை இன்னொரு 1,400. அதைச் செய்தாலும் நிற்குமா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாதாம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

உயர்நிலைப் பள்ளி பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து நான் சாதாரண பி ஃப்ளாட் கிளாரினெட்தான் வாசிக்கிறேன். இப்போது சமூக மன்றக் குழுவில். எங்கள் குழுவில் பேஸ் வாசித்த அக்கா வேலை மாறி வெளிநாடு போய்விட்டார், கருவியும் அவரோடு போயிற்று. நடத்துநர் என்னைப் பார்த்தார், எனக்கும் ஆசை. நாம் வாசிப்பதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கருவி அது. அதன் அடியில் உள்ள அகன்ற வாய் மேல்நோக்கி வளைந்திருப்பதால் லிஃப்டில் பார்ப்பவர்கள் எல்லாம் சாக்ஸபோனா என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. 1838இல் பேஸ் கிளாரினெட்டைத் திருத்தி அமைத்துக் காப்புரிமை வாங்கிய அடால்ஃப் சாக்ஸ்தான் பிறகு சாக்ஸபோனையும் செய்தார்.

மரத்தில் செய்த, லோ சி என்னும் மிகக் கீழ் ஸ்வரம் வரை இறங்கும் கருவியைப் புதிதாக வாங்கினால் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். அதனால் என்னைப் போன்றவர்கள் அவ்வளவு கீழே போகாமல் லோ ஈ ஃப்ளாட்டோடு நிற்கும் பழைய மாணவர் கருவியைத்தான் தேடுவோம். 500 வெள்ளிக்கு ஒன்று கிடைக்கிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். 1,900க்கு வராது. எனக்கு விற்ற ஆள் விலை வைத்திருந்த சாமர்த்தியம் அதில்தான்.

பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் விளம்பரம். மர உடல், லோ ஈ ஃப்ளாட், எல்லா பேடும் (ஓட்டைகளை மூடும் மெத்தைகள்) புதுசு, முழு ஓவர்ஹால் முடிந்தது. மகள் பள்ளி பேண்டில் வாசித்தது, இப்போது ஆஸ்திரேலியாவில் படிக்கிறாள், வீட்டில் சும்மா கிடக்கிறது. செய்தி அனுப்பினேன். என் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பதில் வந்தது. "வாங்க தங்கச்சி, வந்து ஊதிப் பாருங்க, பிடிச்சா மட்டும் எடுங்க." இப்படிச் சொல்பவரை யார் சந்தேகப்படுவார்கள்?

வீட்டில் விருந்தாளி என்று சொல்லி புளோக்கின் கீழே இருக்கும் திறந்த தளமான வாய்ட் டெக்கில் சந்திக்கச் சொன்னார். சிமெண்ட் தரை, தாழ்ந்த கூரை. அங்கே பேஸ் கிளாரினெட்டின் கீழ் ஸ்வரத்தை ஊதினால் சாதாரணக் கருவிகூடக் கோயில் மண்டபத்தில் வாசித்த மாதிரிக் கேட்கும். அவர் வாசித்தார். லோ ஈ, எஃப், ஜி என்று நிதானமாக இறங்கி ஏறினார். மேலே போகவே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது.

பிறகு நான் ஊதினேன். கீழே எல்லாம் சரி. கிளாரினெட் வாசிப்பவர்களுக்குத் தெரியும், பி ஃப்ளாட்டைத் தாண்டி அடுத்த பி-க்கு ஏறும்போது ஓட்டைகளை எல்லாம் மூடி, மேல் ஸ்வரங்களுக்கு ஏற்றிவிடும் ரெஜிஸ்டர் கீயையும் அழுத்த வேண்டும். அங்கே பி வரவில்லை, மறுபடியும் கீழ் ஸ்வரமே வந்தது. சி, டி-யும் அப்படியே. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரித்தார். "சின்ன கிளாரினெட்லேர்ந்து வர்ற எல்லாருக்கும் இதே பிரச்சினைதாம்மா. உதட்டைக் கடிச்சிப் பிடிக்கிறீங்க. பேஸுக்கு லூசா விடணும். என் பொண்ணுக்கே மாசக்கணக்குல ஆச்சு. ரீடும் பழசு, புதுசு போடுங்க."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சின்ன கிளாரினெட்டிலிருந்து பேஸுக்கு வருபவர்கள் கடிப்பார்கள், உதட்டைத் தளர்த்தப் பழக வேண்டும், பிரேக்கை, அதாவது பி ஃப்ளாட்டிலிருந்து பி-க்கு ஏறும் அந்த இடத்தைத், தாண்டுவதுதான் கஷ்டம். எந்த ஆசிரியரும் இதைத்தான் சொல்வார். உண்மையை வைத்தே ஏமாற்றுகிறவனிடம் என்ன செய்வது? செயலி வழியாகக் கட்டினால் கட்டணம் பிடிப்பார்கள், பேநவில், அதாவது வங்கிக் கணக்குக்கே நேராக, அனுப்பினால் 50 வெள்ளி குறைக்கிறேன் என்றார். 1,950 என்று இருந்தது அப்படித்தான் 1,900 ஆனது. அனுப்பினேன்.

அதன்பின் வாரக்கணக்கில் வீட்டில் என் உதட்டோடு சண்டை. புது ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு), வேறு நம்பர் ரீட், வேறு மவுத்பீஸ் இரவல். ஒன்றும் நடக்கவில்லை. ஒத்திகையில் என் பகுதி வரும்போதெல்லாம் பக்கத்தில் பசூன் வாசிப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

இன்று பழுதுபார்க்கும் அங்கிளிடம் எடுத்துப் போனேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, நீளமான விளக்குக் கம்பியைக் கருவிக்குள் விட்டு, கீகளை ஒவ்வொன்றாக மூடினார். சரியாக மூடும் பேடில் வெளிச்சம் தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்தது பல இடங்களில் பளிச்சென்று பிறை பிறையாக வெளிச்சம். புது பேட் என்று சொன்னது பழைய பேடுக்கு மேலே ஏதோ வெள்ளையைத் தடவியது.

அதைவிடக் கொடுமை அடுத்தது. இந்த வகைக் கருவியில் ரெஜிஸ்டர் கீ திறக்கும் துவாரங்கள் இரண்டு. ஒன்று மேலே நெக்கில், ஒன்று உடலில் சற்றுக் கீழே. பி-யிலிருந்து ஈ ஃப்ளாட் வரை கீழ்த் துவாரம் திறக்கும், ஈ-யிலிருந்து மேல்த் துவாரம். வலது மோதிர விரல் கீதான் இரண்டையும் மாற்றிவிடும். அந்தக் கீழ்த் துவாரத்துக் கீயின் அடியில் பென்சில் முனை அளவு தக்கைத் துண்டு ஒன்றைச் செருகி, திறக்கவே முடியாதபடி செய்திருந்தார்கள். அங்கிள் அதை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எடுத்த பிறகு ஊதிப் பார்த்தால் கீழ் ஸ்வரங்களும் போச்சு, அந்த பேட் அவ்வளவு ஒழுகுகிறது. அதாவது கீழே மட்டும் நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மேல் ஸ்வரங்களை அடைத்து வைத்து விற்றிருக்கிறார். என் உதட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அத்தோடு முடியவில்லை. மேல் பாகத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தார். கறுப்பு மெழுகு துணியில் வந்தது. அதன் கீழே மர வரியோடு ஓடும் விரிசல், ஒரு ஓட்டையின் விளிம்பு வரை.

கடையை விட்டு வெளியே வந்ததும் விற்றவரை அழைத்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். "நான் கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்திச்சு மிஸ். ஏர்கான் ரூம்ல வெச்சிருப்பீங்க, மரம் வெடிக்கத்தான் செய்யும்." தக்கையின் படத்தை அனுப்பினேன். "பழைய பொருள், பார்த்துத்தானே எடுத்தீங்க." பாதிப் பணமாவது தாருங்கள் என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. செயலிக்காரர்களோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை, எனவே தலையிட முடியாது என்று அச்சடித்த பதிலை அனுப்பிவிட்டார்கள். போலிசில் கேட்டால் இது சிவில் விவகாரம். பழுதான பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்னும் லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் உண்டு, ஆனால் விற்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும், தனி ஆள் விற்றால் செல்லாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், என் தொகைக்குக் கட்டணம் பத்து வெள்ளிதான். ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு வாய்ட் டெக். எதற்காக வீட்டுக்கு மேலே அழைக்கவில்லை என்று இப்போது புரிகிறது. விருந்தாளியாம்!

விளம்பரத்தையும் எடுத்துவிட்டார். அதே ஆள் வேறு கணக்கில் ஆல்டோ சாக்ஸபோன் ஒன்றைப் போட்டிருக்கிறார் என்று குழுவில் ஒருவர் இப்போதுதான் காட்டினார். "முழு ஓவர்ஹால் முடிந்தது", அதே வரி. மகள் அதையும் வாசித்தாளோ என்னவோ.

சரி, சொன்னபடி. விற்பவர் வாசித்துக் காட்டினால் பி, சி, டி, ஈ ஃப்ளாட்டை வாசிக்கச் சொல்லுங்கள், கீழ் ஸ்வரத்தில் மயங்க வேண்டாம். மரக் கருவி என்றால் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். முடிந்தால் பிளாஸ்டிக் உடலே எடுங்கள், இந்த ஊருக்கு அது போதும். கீகளுக்கு அடியில் தக்கை, ரப்பர் பேண்ட் எதுவும் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டுத்தான் பணம் என்று சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். வீட்டு எண் தெரியாமல் பேநவில் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன். அவர் செய்திகளை அழிப்பதற்குள் எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்க வேண்டும், அப்புறம் வருகிறேன்.