பாஸ்கீயை எங்கே வைப்பது: கணினியிலா, யூஎஸ்பி சாவியிலா, கூகுள் கணக்கிலா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகரில் அக்கா வீட்டில் இருந்தேன். விடிவதற்குள் கூடத்தில் முழங்கால் தண்ணீர். பாய்க்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்த என் போன் அதில் மூழ்கிக் கிடந்தது. அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்து வைத்துப் பார்த்தோம், உயிர் வரவில்லை. என் பாஸ்கீகளில் பெரும்பாலானவை அந்தப் போனில்தான் இருந்தன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கு எழுதும் தொழில் எனக்கு. லாகின் நின்றால் அன்றைய வேலையும் நின்றுவிடும்.

பாஸ்கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் சாவி ஜோடி. ஒன்று தளத்திடம், ஒன்று உங்களிடம். உங்களிடம் இருப்பது விரல்ரேகைக்கோ ஸ்கிரீன் லாக்குக்கோ மட்டும் திறக்கும். போலித் தளத்தில் அது வேலை செய்யாது. எப்போதும் வரும் பாஸ்கீ கேள்வி ஒருநாள் வராவிட்டால் முதலில் முகவரிப் பட்டையைப் பாருங்கள். பாதுகாப்பில் நான் பார்த்த மூன்று வழிகளுமே நல்லவைதான். சாவி இருக்கும் பொருள் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதில்தான் அவை பிரிகின்றன.

விண்டோஸ் ஹலோ, அதாவது விண்டோஸ் கணினியிலேயே சாவியை வைத்துப் பின் எண்ணாலோ விரலாலோ திறக்கும் வசதி, தினசரி வேலைக்கு மிக வேகமானது. பின் எண்ணைத் தட்டினால் உள்ளே போய்விடலாம், போனைத் தேட வேண்டாம். ஆனால் சாவி அந்தக் கணினியைவிட்டு வெளியே வராது. நம் ஊரில் லேப்டாப் கொஞ்சம் மெதுவானாலே கடைக்காரர் "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்பார். ஃபார்மட் போட்டால் அதிலிருந்த பாஸ்கீயும் போய்விடும். எனக்கு ஒருமுறை அப்படிப் போயிருக்கிறது. ஆவணங்களை பென்டிரைவில் எடுத்து வைத்தேன், பாஸ்கீயை அப்படி எடுத்து வைக்க வழியில்லை.

பென்டிரைவ் போலக் கணினியில் செருகும், பாஸ்கீயை உள்ளே வைத்திருக்கும் யூஎஸ்பி சாவியை நான்கு மாதம்தான் பயன்படுத்தினேன், அந்த அளவுக்கே சொல்கிறேன். உறுதியான பொருள்தான். சில ஆயிரம் ரூபாய் ஆகும், தொலைந்தால் சமாளிக்க இரண்டாவதும் வாங்க வேண்டும். எனக்குப் பயம் தந்தது அதன் பின் எண். தொடர்ந்து 8 முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். ரீசெட் செய்தால் உள்ளே இருக்கும் பாஸ்கீ எல்லாம் அழிந்துவிடும். பெரிய நிறுவனத்தில் கணினிப் பொறுப்பில் இருப்பவருக்கு இது சரி. என் போன்ற தனி ஆளுக்கு வேண்டாம் என்பேன்.

நான் நம்புவது கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரில், அதாவது சாவிகளை உங்கள் கூகுள் கணக்கோடு சேர்த்து வைக்கும் வசதியில், சேமிக்கும் பாஸ்கீயை. காரணம் அந்த மழைதான். தண்ணீர் வடிந்த பிறகு நேரு வீதியில் புதுப் போன் வாங்கி, பழையதிலிருந்த சிம்மைப் போட்டு, பழைய பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து கூகுள் கணக்கில் நுழைந்தேன். சாவிகள் கணக்கோடு ஒட்டியிருந்ததால் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பழைய போனின் ஸ்கிரீன் லாக்கைக் கேட்டது. சாவிகள் பூட்டிய நிலையில்தான் கூகுளிடம் இருக்கின்றன. திறக்க நீங்கள் வைத்த பாஸ்வேர்ட் மேனேஜர் பின் வேண்டும், அல்லது பழைய ஆண்ட்ராய்ட் போனின் லாக் வேண்டும். முயற்சிகளுக்கும் வரம்பு உண்டு. நான் வருடக்கணக்கில் விரலை வைத்தே திறந்து பழகியவன். பேட்டர்ன் எது என்று கை மறந்துவிட்டது. மேசையில் விரலால் கோடு இழுத்து இழுத்துப் பார்த்தேன். "மாமா, நீங்க எப்பவும் எல் மாதிரி இழுத்துட்டு மேலே போவீங்க" என்றான் அக்கா மகன். அவன் சொன்னபடி இழுத்ததும் எல்லாச் சாவியும் வந்து சேர்ந்தன. மற்ற இரண்டு வழிகளில் சாவி இருக்கும் பொருளே இப்படிக் கெட்டிருந்தால் ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கியிருப்பேன்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: போனின் லாக்கை வாரம் ஒருமுறையாவது விரலில்லாமல் திறந்து பாருங்கள். வீட்டில் குழந்தைகளின் விரலும் பதிவாகியிருந்தால் நீக்கிவிடுங்கள். அந்த விரலுக்கும் உங்கள் பாஸ்கீ திறக்கும்.

இந்த வழியிலும் தகராறு உண்டு. போனில் உள்ள பாஸ்கீயால் கணினியில் ஒரு தளத்துக்குள் நுழைய, கணினித் திரையில் வரும் கியூஆரைப் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். என்னிடம் அதிகம் கேட்பது, "கியூஆர் ஸ்கேன் பண்ணினா சுத்திக்கிட்டே இருக்கு" என்பதுதான். இரண்டு பக்கமும் ப்ளூடூத்தும் இணையமும் இருக்க வேண்டும். பலர் போனையும் கணினியையும் ப்ளூடூத்தில் இணைக்க (பேரிங் செய்ய) பார்க்கிறார்கள், அது தேவையில்லை. சாவி ப்ளூடூத்தில் போவதில்லை. போன் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அது. என் அசெம்பிள் கணினியில் ப்ளூடூத்தே கிடையாது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. சின்ன யூஎஸ்பி அடாப்டர் வாங்கிச் செருகியதும் சரியானது. பணம் அனுப்பும் ஆப்பின் ஸ்கேனரில் அந்த கியூஆரைக் காட்டாதீர்கள், போனின் கேமராவையே திறங்கள்.

அடுத்தது, "பாஸ்கீ இருக்கு, ஆனா ஏத்துக்க மாட்டேங்குது." தளத்தின் அமைப்பில் பாஸ்கீயை நீக்கியிருப்பீர்கள், போனில் அது அப்படியே இருக்கும். போன் பழைய சாவியையே நீட்டும், தளம் மறுக்கும். போனிலும் நீக்கிவிட்டு, பாஸ்வேர்டில் நுழைந்து புதிதாக உருவாக்குங்கள். லேப்டாப்பில் குரோமுக்குள் அதே கணக்கில் நுழைந்து மேனேஜர் பின்னைக் கொடுத்துவிட்டால் கியூஆரே தேவைப்படாது. பிரவுசிங் சென்டர் கணினியில் மட்டும் பாஸ்கீ உருவாக்கவே கூடாது.

ஐபோன் என் கையில் இருந்ததில்லை. தங்கை போனில் பார்த்தவரை, ஆப்பிளின் சாவிச் சேமிப்பான ஐகிளவுட் கீசெயினும் இதே போலக் கணக்கோடு வருகிறது. வீட்டில் எல்லாமே ஆப்பிள் என்றால் அதுவே போதும். தங்கைக்கு ஐபோன், அலுவலகத்தில் விண்டோஸ் என்பதால் அவளுக்குத் தினமும் கியூஆர்தான்.

விண்டோஸ் ஹலோவை நான் கைவிடவில்லை. முக்கியக் கணக்குகளுக்கு லேப்டாப்பில் இரண்டாவது பாஸ்கீயாக வைத்திருக்கிறேன். வேறு வழியில் நுழைய முடியாதபோது உதவும், கூகுள் கணக்குக்கான 8 இலக்க பேக்கப் கோடுகள் பத்தையும் தாளில் எழுதி, பாலித்தீன் கவரில் சுற்றி, பீரோவின் மேல் தட்டில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். அந்தத் தட்டுக்கு இதுவரை தண்ணீர் ஏறியதில்லை.